கடைசி இடத்திலிருந்து எழும்பிய இரண்டு கழகங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

அவுஸ்திரேலியாவில் நடக்கும் ரக்பி லீக் பற்றி எழுதப்போகிறோம். "சேர்மாருக்கு இது என்னத்துக்கு, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வேலையைப் பார்க்கலாமே" என்று சிலர் நினைப்பீர்கள். இதுவும் பிள்ளைகளின் விஷயம்தான், வாசித்துப் பாருங்கள். ஊரில் இப்போது எந்தக் கடையடிக்குப் போனாலும் நமது விளையாட்டுக் கழகத்தின் கதைதான் ஓடுகிறது. மூன்று வருடமாகத் தோல்வி. கோச்சை மாற்றுங்கள் என்கிறது ஒரு கூட்டம். வெளியூரிலிருந்து காசு கொடுத்து நாலைந்து பேரை இறக்குங்கள் என்கிறது இன்னொரு கூட்டம். நிர்வாகம் கூடி முடிவெடுக்கப்போகிறது. அதற்கு முன்னால் சிட்னி நகரத்தின் இரண்டு கழகங்களின் கதையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டில் கண்டியிலும் கொழும்பிலும் பாடசாலைப் பிள்ளைகள் விளையாடுவது ரக்பி யூனியன். பக்கத்துக்கு 15 பேர். ரக்பி லீக் என்பது அதிலிருந்து பிரிந்துபோன தம்பி. பக்கத்துக்கு 13 பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு ஆறு தடவை பிடிபடுவதற்கு அனுமதி. ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். ட்ரை ஒன்றுக்கு 4 புள்ளி, அதன் பிறகு கம்பங்களுக்கு மேலால் உதைத்தால் 2 புள்ளி. 80 நிமிடம்.

பிரிந்துபோன காரணம்தான் எங்களுக்குப் பிடித்த இடம். 1895ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் இந்த விளையாட்டை ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த கூலிக்காரர்கள். சனிக்கிழமை மெட்ச் என்றால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழந்த கூலியைத் தாருங்கள் என்று கேட்டார்கள். லண்டன் கனவான்கள் முடியாது என்றார்கள். ஹடர்ஸ்பீல்ட் நகரத்து ஹோட்டல் ஒன்றில் 20க்கு மேற்பட்ட கழகங்கள் கூடிப் பிரிந்து வந்தன. அவுஸ்திரேலியாவுக்கு அது வந்தது 1908இல். அங்கேயும் அது தொழிலாளர் குடியிருப்புகளின் விளையாட்டாகத்தான் வேர் பிடித்தது. இன்றைக்கு என்ஆர்எல் என்ற பெயரில் 17 கழகங்கள் மோதும் பெரிய தொழில்முறைப் போட்டி அது.

அந்தப் போட்டியில் ஒரு முக்கியமான சட்டம் உண்டு. எல்லாக் கழகத்துக்கும் வீரர் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. பணக்காரக் கழகம் என்பதற்காக நல்ல வீரர்களையெல்லாம் வாங்கிக் குவிக்க முடியாது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் ஒரு ஷெய்க் வந்து கழகத்தை வாங்கிக் காசைக் கொட்டி ஒரு வருடத்தில் மாற்றுகிறாரே, அந்த வழி இங்கே இல்லை. கீழே கிடக்கும் கழகம் வேறு வழியால்தான் எழும்ப வேண்டும். கடைசி இடத்தில் வருகிற அணிக்கு "மர அகப்பை வாங்கியது" என்று கேலி சொல்வார்கள். உண்மையில் அகப்பை ஒன்றும் கொடுப்பதில்லை. அந்தக் காசும் மிச்சம்.

பென்ரித் என்பது சிட்னி நகர மத்தியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர். நீல மலைகளின் அடிவாரம், நேப்பியன் ஆற்றங்கரை. அதைச் சுற்றியிருக்கிற மவுண்ட் ட்ரூயிட் போன்ற இடங்களைப் பற்றி நகரத்தில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அரசாங்க வீட்டுத்திட்டங்கள், வருமானம் குறைந்த குடும்பங்கள், சமோவா, தொங்கா, பீஜி தீவுகளிலிருந்து வந்து குடியேறிய மக்கள். பத்திரிகையில் பெயர் வந்தால் பெரும்பாலும் குற்றச் செய்தியாகத்தான் வரும். ஒரு ஊரின் பெயரைச் சொன்னதும் மற்றவர் முகம் மாறுவது எப்படி இருக்கும் என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த ஊர்களில் பிள்ளைகள் நிறைய. அத்தனை பிள்ளைகளும் வார இறுதியில் ரக்பி லீக் ஆடுகிறார்கள். நாட்டின் மிகப் பெரிய சிறுவர் ரக்பி லீக் பிரதேசங்களில் பென்ரித்தும் ஒன்று. அப்படியிருந்தும் அந்த ஊரின் தொழில்முறைக் கழகமான பாந்தர்ஸ் ஏறுவதும் விழுவதுமாகவே இருந்தது. 1967இல் முதல்தர ஆட்டத்துக்கு வந்தது. முதல் கிண்ணம் 1991இல்தான். 2001இல் கடைசி இடம். 2003இல் கிண்ணம். 2007இல் திரும்பவும் கடைசி இடம். ஒரு வருடம் வானத்தில், மூன்று வருடம் தரையில்.

2011இல் பில் கூல்ட் என்பவரைப் பொது முகாமையாளராகக் கொண்டுவந்தார்கள். 1991இல் அந்தக் கழகம் முதல் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுவிப்பாளராக இருந்தவர் அவர்தான். வந்து பார்த்தால் கழகத்தின் பணநிலை மோசம், சம்பளப் பணத்தின் பெரும்பங்கு ஒருசில நட்சத்திரங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கீழே இருக்கிற பிள்ளைகளை யாரும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. ஐந்து வருடத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தார். அந்த நாளில் அதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஐந்து வருடம் என்றால் யார் காத்திருப்பது?

அடுத்து அவர் செய்ததைக் கேட்டால் நம் ஊரில் கல் எறிந்திருப்பார்கள். ஊர்ப்பிள்ளையாக வளர்ந்து பெரிய நட்சத்திரமான லூக் லூயிஸ் 2012 முடிவில் வேறு கழகத்துக்குப் போனார். மைக்கல் ஜென்னிங்ஸ் என்ற இன்னொரு நட்சத்திரமும் போனார். நியூசிலாந்து வொரியர்ஸ் அணியை 2011இல் இறுதிப்போட்டி வரை கொண்டுவந்த ஐவன் கிளியரி புதிய பயிற்றுவிப்பாளர். அவருடைய முதல் வருடமான 2012இல் பாந்தர்ஸ் கடைசிக்கு முதல் இடம். ஆதரவாளர்களின் கோபம் எப்படி இருந்திருக்கும்! நட்சத்திரங்களையும் அனுப்பியாயிற்று, அட்டவணையிலும் கீழே.

மேல் மட்டத்தில் இந்தக் கூத்து நடக்கும்போது கீழ் மட்டத்தில் வேறு ஒரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. 16 வயது, 18 வயது, 20 வயது என்று ஒவ்வொரு படிக்கும் அணி, ஒவ்வொரு அணிக்கும் தகுதியான பயிற்றுவிப்பாளர். மேல் அணி எந்த முறையில் ஆடுகிறதோ அதே முறை, அதே சொற்கள், அதே அடையாளங்கள் கீழ் அணிகளுக்கும். ஒரு பையன் 16 வயதில் கற்றதை 20 வயதில் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. இளம் வீரர்களையும் பெரிய வீரர்களையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவரும் பயிற்சி நிலையம் ஒன்றையும் கட்டினார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். தரம் 6இல் ஒரு முறையில் கணக்கைச் சொல்லிக்கொடுத்து, தரம் 8இல் வேறொருவர் வந்து "அதெல்லாம் பிழை, இப்படிச் செய்" என்று சொல்லி, தரம் 10இல் மூன்றாவது ஆள் தலையில் கைவைத்து உட்கார்ந்தால் பிள்ளை என்ன செய்யும்?

2013இல் பாந்தர்ஸின் 20 வயதுக்குட்பட்ட அணி தேசியக் கிண்ணத்தை வென்றது. 2015இலும் வென்றது. இந்த 2015ஐக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2014இல் பெரிய அணி அரையிறுதி வரை வந்து எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. 2015இல் காயங்களோடு 11ஆவது இடத்துக்குச் சறுக்கியது. அந்த வருட இறுதியில் கூல்ட் கிளியரியை வீட்டுக்கு அனுப்பினார். ஆள் களைத்துப்போய்விட்டார் என்பது சொன்ன காரணம். அதே வருடம், அதே கழகத்தின் இளைஞர்கள் நாட்டின் முதல் இடத்தில்! நாற்று தளதளவென்று நிற்கும்போது வயல்காரனை மாற்றிய கதை. ஐந்து வருடம் பொறுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், நான்காவது வருடத்தில் தானே பொறுமை இழந்துவிட்டார் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். கூல்டை மெச்சுகிறவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும்.

அடுத்து அந்தனி கிரிஃபின் வந்தார். 2018இல், இறுதிச் சுற்றுகளுக்குச் சில வாரங்களே இருக்க, அவரையும் அனுப்பினார்கள். மீதி ஆட்டங்களுக்குப் பொறுப்பெடுத்தது கெமரன் சிரால்டோ என்ற உதவிப் பயிற்றுவிப்பாளர். இந்தப் பெயரும் பிறகு வரும். 2019இல் யாரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? அதே ஐவன் கிளியரியை. அவர் இடையில் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கழகத்தில் ஒப்பந்தத்தோடு இருந்தார், அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். டைகர்ஸ் ஆதரவாளர்களுக்கு அது இன்னும் ஆறாத புண், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கூல்ட் 2019இல் கழகத்தை விட்டு வெளியேறினார். கிளியரி திரும்பி வந்த முதல் வருடம் 10ஆவது இடம். "பார்த்தீர்களா, பழைய கோச்சைக் கொண்டுவந்து என்ன பிரயோசனம்" என்று திரும்பவும் பேச்சு.

2020இல் கொவிட் காரணமாக 20 சுற்றுகளாகச் சுருக்கப்பட்ட போட்டி. பாந்தர்ஸ் 18 வெற்றி, 1 சமநிலை, ஒரேயொரு தோல்வி. இறுதிப்போட்டியில் மெல்பர்ன் ஸ்டோர்மிடம் 26-20 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு 2021, 2022, 2023, 2024 என்று நான்கு வருடமும் கிண்ணம் அவர்களுக்குத்தான். செயின்ட் ஜோர்ஜ் கழகம் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 தடவை வென்றதற்குப் பிறகு, தொடர்ந்து நான்கு முறை வென்ற கழகம் வேறு கிடையாது.

யார் வென்று கொடுத்தார்கள்? ஜெரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீபன் கிரைட்டன். மூவரும் அந்த மவுண்ட் ட்ரூயிட் பக்கத்துப் பையன்கள், சமோவா வம்சம், சிறு வயதிலிருந்தே ஒரே சுற்றுவட்டாரத்தில் ஆடியவர்கள். டபோ என்ற தூரத்துக் கிராமப்புற ஊரிலிருந்து வந்த ஐசாயா யோ. பயிற்றுவிப்பாளரின் மகன் நேதன் கிளியரி. மகன் என்றதும் உங்களுக்கு வரக்கூடிய சந்தேகம் எங்களுக்கும் வந்தது. ஆனால் நேதன் 18 வயதில் பெரிய அணிக்கு முதன்முதலாக இறங்கியது 2016இல். அப்போது வாப்பா அந்தக் கழகத்திலேயே இல்லை, விரட்டி அனுப்பியிருந்தார்கள். வாப்பாவை அனுப்பிய கழகத்திலேயே மகன் நின்று, தன் ஆட்டத்தால் இடம்பிடித்திருக்கிறார். நம் ஊரில் செயலாளர் மகனுக்கு இடம் கிடைக்கிற வழி வேறு.

2021 இறுதிப்போட்டி சவுத் சிட்னியோடு, 14-12. எதிரணி வீசிய பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடித்துத் தனியாக ஓடி ட்ரை வைத்தவர் கிரைட்டன். 2023 இறுதிப்போட்டி இன்னொரு ரகம். பிரிஸ்பேன் ப்ரொங்கோஸ் பக்கம் எஸ்ரா மேம் என்ற பையன் மட்டும் மூன்று ட்ரை. இரண்டாம் பாதியில் 24-8 என்று பாந்தர்ஸ் பின்னால். லுவாய் காயத்தோடு வெளியே. எந்த அணியாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளத் தொடங்கும். இவர்கள் ஏசவில்லை. லியோட்டா ஒரு ட்ரை, கிரைட்டன் ஒன்று, முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது நேதன் கிளியரி தானே பந்தோடு புகுந்து ஒன்று. 26-24. பதினைந்து வயதிலிருந்து ஒரே பாடத்தைப் படித்த பிள்ளைகள் நெருக்கடியில் புதிதாக எதையும் தேடுவதில்லை என்று எங்களுக்குப் பட்டது.

இன்னும் பெரிய அதிசயம் 2022. அந்த வருடம் பாந்தர்ஸ் கழகத்தின் பெரிய அணி, இரண்டாம் தர அணி, இரண்டு இளையோர் அணிகள் என்று நான்கும் தத்தமது கிண்ணத்தை வென்றன. எங்களைக் கேட்டால் நான்கு தொடர் வெற்றிகளைவிட இதுதான் பெரிது. இதனால்தான் ஒவ்வொரு வருடமும் சம்பள உச்சவரம்பு காரணமாக நல்ல வீரர்களை இழந்தும் அவர்கள் சரியவில்லை. மெட் பேர்ட்டன் போனார், கிகாவ் போனார், கொரொய்சாவ் போனார், கிரைட்டன் போனார், லுவாய் போனார். போனவர் இடத்துக்கு அடுத்த படியில் ஆள் தயாராக நின்றான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவின் இந்த மாநிலத்தில் பல ரக்பி லீக் கழகங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கிளப் கட்டடம் இருக்கும், அங்கே சூதாட்ட இயந்திரங்கள் வரிசையாக இருக்கும், அந்த வருமானத்தில் ஒரு பங்கு விளையாட்டுக்கு வரும். பாந்தர்ஸும் அப்படித்தான். அந்த இயந்திரங்களுக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளத்தைத் தொலைப்பவர்களும் அதே மேற்குச் சிட்னியின் வாப்பா உம்மாமார்தான். ஒரு கையால் பிள்ளைக்குப் பந்து, மறு கையால் வாப்பாவின் பையிலிருந்து காசு. மார்க்கத்தை விட்டுப் பார்த்தாலும் அது நல்ல காசு அல்ல. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுப்போம், இதை விடுவோம்.

சரி, இரண்டாவது கழகம். இதுதான் நம்மவர்களுக்கு நெருக்கமானது.

சிட்னியில் நமது உறவினர்கள் இருப்பவர்கள் லகெம்பா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய பள்ளிவாசல் இருக்கிற இடம். நோன்பு மாத இரவுகளில் ஹால்டன் வீதி முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளாகி, ஜனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கும். அதற்குப் பக்கத்து ஊர் பெல்மோர். பெல்மோர் மைதானம்தான் கென்டர்பரி-பாங்க்ஸ்டவுன் புல்டோக்ஸ் கழகத்தின் தாய்வீடு. 1935இலிருந்து ஆடுகிற கழகம், எட்டுக் கிண்ணம். லெபனானிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நீலமும் வெள்ளையும் உடுத்திக்கொண்டு நிற்கிற அரங்கு.

இந்தக் கழகத்தில்தான் ஹாஸிம் எல் மஸ்ரி ஆடினார். லெபனானின் திரிப்போலியில் பிறந்து சிறுவனாக அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். தன் மார்க்கத்தை மறைக்காமல், அதை வைத்துச் சத்தம் போடாமல் ஆடியவர். 1996 முதல் 2009 வரை ஒரே கழகம், 300க்கு மேற்பட்ட ஆட்டங்கள். 2004இல் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். ஓய்வு பெறும்போது அவருடைய 2,418 புள்ளிகள்தான் அந்தப் போட்டியின் வரலாற்றுச் சாதனை. பிறகு கெமரன் ஸ்மித் அதை முறியடித்தார். லகெம்பாவில் ஒரு தலைமுறைப் பையன்கள் வீட்டு மதிலுக்கு மேலால் பந்தை உதைத்துப் பழகியது இவரைப் பார்த்துத்தான்.

அப்படிப்பட்ட கழகம் 2014 இறுதிப்போட்டிக்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. 2016க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளைக் காணவில்லை. டெஸ் ஹாஸ்லர் போனார், டீன் பே வந்து போனார், ட்ரெண்ட் பரட் வந்து போனார். நடுவில் தற்காலிகக்காரர்கள் வேறு. ஒவ்வொருவரும் தன் முறைக்கு ஏற்ற வீரர்களைக் கேட்டார், அவர் போனதும் அந்த வீரர்கள் மட்டும் சம்பளத்தோடு மிச்சம். 2021இல் மொத்தமாக மூன்றே வெற்றி. மர அகப்பை.

அந்த வருட நடுவில் இங்கேயும் வந்து சேர்ந்தார் பில் கூல்ட். 1988இல் இந்தக் கழகம் கிண்ணம் வென்றபோதும் பயிற்றுவிப்பாளர் அவர்தான், ஆகவே இதுவும் பழைய வீடு. 2023இலிருந்து பயிற்றுவிப்பாளராக யாரைக் கொண்டுவந்தார்? முன்னர் சொன்ன சிரால்டோவை. ஐந்து வருட ஒப்பந்தம். பாந்தர்ஸிலிருந்து பேர்ட்டன் ஏற்கனவே வந்துவிட்டார், கிகாவும் வந்தார்.

முதல் வருடம் என்ன நடந்தது? 2023 ஜூலையில் நியூகாஸில் அணியிடம் 66-0. ஆம், பூச்சியம். வருட முடிவில் 15ஆவது இடம். பழைய புல்டோக்ஸ் நிர்வாகமாக இருந்தால் அடுத்த நாள் காலையில் கோச்சின் பெட்டி வாசலில் இருந்திருக்கும். இந்த முறை இருக்கவில்லை. 2015இல் பென்ரித்தில் செய்ததை கூல்ட் இங்கே திரும்பச் செய்யவில்லை. வயது மனிதனுக்கு எதையாவது கற்றுக்கொடுக்கத்தான் செய்கிறது.

2024க்கு கிரைட்டனைக் கொண்டுவந்து தலைவராக்கினார்கள். மற்றபடி வாங்கியதெல்லாம் பெரிய பெயர் இல்லாதவர்கள், எந்த இடத்திலும் நின்று ஆடக்கூடியவர்கள். "எல்லா இடத்துக்கும் மாற்று ஆள் வாங்குகிறார்கள், எந்த இடத்துக்கும் ஆள் வாங்கவில்லை" என்ற மாதிரிக் கேலிகள் வந்தன. அந்த அணி உடம்பில் சிறியது, ஓட்டத்தில் வேகமானது, தடுப்பில் பிடிவாதமானது. ஆறாவது இடத்துக்கு வந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு இறுதிச் சுற்று. மான்லி அணியிடம் 24-22 என்று மயிரிழையில் தோற்றார்கள் என்றாலும் பெல்மோர்க்காரர்களுக்குத் தலை நிமிர்ந்த வருடம் அது.

எல்லாம் தேனும் பாலும் அல்ல. 2023இல் பயிற்சிக்குத் தாமதமாக வந்த இளம் வீரர் ஒருவரை, தண்டனையாகச் சக வீரர்கள் பலரோடு ஒருவர்பின் ஒருவராக மல்லுக்கட்ட வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தது. அந்தப் பையன் கழகத்தை விட்டே போனார், பிறகு வழக்கும் போட்டார். ஒழுக்கம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் ஒரு பிள்ளையைக் கூனிக்குறுக வைத்து ஒழுக்கம் வந்ததை நாங்கள் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. பிரம்பை நம்புகிற சில வாப்பாமாருக்கு இது பிடிக்காது, தெரியும்.

2025இலும் ஒரு சங்கதி. புல்டோக்ஸ் வருடத் தொடக்கத்தில் அட்டவணையின் உச்சியில் இருந்தது. டோபி செக்ஸ்டன் என்ற நடுத்தர வீரர் அணியை அமைதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். வருட நடுவில் டைகர்ஸிலிருந்து லக்லன் கால்வின் என்ற திறமைமிக்க இளைஞர் கிடைத்தார், வாங்கினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக செக்ஸ்டன் இடத்தை இழந்தார். மூன்றாவது இடத்தில் முடித்தும், இறுதிச் சுற்றில் இரண்டு ஆட்டமும் தோல்வி. இரண்டாவதில் தோற்கடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பென்ரித். கால்வின் கெட்டிக்காரர், வருங்காலத்தில் பெரிய ஆளாக வரலாம். ஆனால் ஒழுங்காக உருண்டுகொண்டிருந்த வண்டியின் சில்லைப் பாதி வழியில் கழற்றியது வேண்டாத வேலை என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

இப்போது நம் ஊர் விஷயம். நமது கழகம் இந்த வருடம் 15 வயதுக்குட்பட்ட அணியை நிறுத்திவிட்டது. காசு இல்லை என்பது காரணம். ஆனால் கடந்த சுற்றுப்போட்டிக்கு வெளியூர் வீரர்களை ஏற்றிவந்த வேன் கூலிக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் கையில் வைத்ததற்கும் காசு இருந்தது. இரண்டாவது சுற்றோடு அவர்கள் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அந்த 15 வயதுப் பையன்கள் எங்கே? எங்கள் வகுப்பில் முதல் இரண்டு பாடமும் கண் சொருகிக்கொண்டு இருக்கிறார்கள். அஸருக்குப் பிறகு மைதானத்தில் நின்றவர்கள் இஷாவுக்குப் பிறகு சந்தியில் நிற்கிறார்கள். சந்தியில் இப்போது என்ன விற்கிறார்கள் என்பதை நாங்கள் எழுதத் தேவையில்லை, ஜும்ஆவில் ஹஸ்ரத் சொல்லித்தான் எல்லோரும் அழுதோம்.

நாம் பென்ரித் அல்ல. நமக்கு அகடமி கட்டக் காசு வராது, இந்தப் பிள்ளைகளில் ஒருவன்கூடத் தொழில்முறை வீரனாகாமல் போகலாம். பென்ரித்திலும் அந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் பெரிய அணிக்குப் போவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். மீதிப் பேர் குழாய் வேலை செய்கிறார்கள், லொறி ஓட்டுகிறார்கள், சனிக்கிழமை தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே மைதானத்துக்கு வருகிறார்கள்.

ஆகவே நிர்வாகத்திலுள்ள நானாமாரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இந்த வருடம் வெளியூர் வீரர் ஒருவரும் வேண்டாம். அந்தக் காசில் இரண்டு வயதுப் பிரிவுக்குப் பந்தும் கோன்களும் வாங்குங்கள். இப்போதிருக்கிற பயிற்றுவிப்பாளரையே மூன்று வருடத்துக்கு எழுதிக்கொடுத்து வையுங்கள், தோற்றாலும். மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர்கள் நாங்கள் நால்வர் முறைவைத்து வருவோம். ஒரு சதம் வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு மஃரிபுக்குப் பிறகு கழகக் கட்டடத்தின் பின் அறையைத் தந்தால் அங்கேயே கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுப்போம். அந்த அறையில் இப்போது பழைய பதாகைகளும் உடைந்த கதிரைகளும்தான் கிடக்கின்றன, துப்புரவாக்குகிற வேலையும் எங்களுடையது.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்கள் 2023 இறுதிப்போட்டியின் கடைசி 25 நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். பார்க்கும்போது தோற்ற பக்கத்தையும் கவனியுங்கள். அந்த ப்ரொங்கோஸ் 2020இல் தங்கள் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடத்துக்கு வந்தவர்கள். 24-8 முன்னணியைக் கையில் வைத்திருந்து அன்று இழந்தார்கள். 2025இல் பாந்தர்ஸ் 12 சுற்று முடிவில் அட்டவணையின் அடியில் கிடந்து, கிளியரியை யாரும் அசைக்காமல் விட, தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்று இறுதிப்போட்டிக்கு ஒரு படி கீழே வந்து நின்றது. அங்கே அவர்களை 16-14 என்று நிறுத்தியது அதே ப்ரொங்கோஸ். அடுத்த வாரம் மெல்பர்னை 26-22 என்று வென்று கிண்ணத்தையும் அவர்களே தூக்கினார்கள். எஸ்ரா மேம் அந்த அணியிலும் இருந்தார்.

வஸ்ஸலாம்.